இரண்டு வரிசை அடுப்புகள்

மலையடிவாரத்துச் சிறிய விமான நிலையம் ஒன்றில் ஓர் ஓடுபாதை இருந்தாள். பேச்சுக் குறைவு, கவனிப்பது அதிகம். மார்கழி விடியலில் மூடுபனி வந்து அவள்மேல் படுத்துக்கொள்ளும். அதைக் கலைக்க, அவளுக்கு வடக்கே ஒரு வரிசையும் தெற்கே ஒரு வரிசையுமாக எண்ணெய் அடுப்புகள் நின்றன. காற்று வரும் பக்கத்து வரிசைதான் முதலில் எரிய வேண்டும் என்பது அங்கே முறை. அது எந்தப் பக்கம் என்று சொல்வது கம்பத்தில் பறக்கும் காற்றுப்பையின் வேலை.

ஒரு நாள் காலை, பனிக்கு மேலிருந்து குட்டி விமானத்தின் குரல் கேட்டது.

"அக்கா, பாம்புக்கடி மருந்து கொண்டாந்திருக்கேன். கரும்புக் காட்டுல கடிபட்ட செங்கோடன் ஆஸ்பத்திரியில கிடக்கிறாராம். மூணு சுத்து சுத்துவேன். அதுக்கு மேல எண்ணெய் தாங்காது, வந்த ஊருக்கே திரும்பணும். சீக்கிரம்!"

நிலைய வாசலில், மருந்தை வாங்கிப்போக வந்த ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழலவிட்டபடி நின்றது.

"ம், எரியுங்க" என்றது வடக்கு வரிசை.

"ஏன், நீங்க எரிஞ்சா ஆகாதா? போன தடவை நாங்கதானே முதல்ல எரிஞ்சோம்" என்றது தெற்கு வரிசை.

"காத்து உங்க பக்கத்துலேர்ந்து வந்துச்சு, எரிஞ்சீங்க. அதுல என்ன பெருமை? முறைன்னா முறை. பையைக் கேளுங்க."

காற்றுப்பை துவண்டு தொங்கியது. "காத்தே இல்லையேப்பா. நான் எந்தப் பக்கம்னு சொல்ல?"

ஒரு சுற்று முடிந்தது.

காற்றில்லாத நாளில் எந்தப் பக்கம் எரிந்தாலும் பனி கலையும். தினமும் அதைச் சுமக்கும் ஓடுபாதைக்கு இது தெரியும். சொல்லத்தான் நினைத்தாள். 'மிதிபட்டுக் கிடக்கிறவள் முறை சொல்ல வந்துட்டாளா என்று சிரிப்பார்களே' என்று விழுங்கிக்கொண்டாள்.

"முறை தப்பினா யாரு பதில் சொல்றது?" என்றது வடக்கு.

"அதானே!" என்றது தெற்கு. அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

மூன்றாம் சுற்றில் குட்டி விமானம் மறுபடி கூப்பிட்டது. "அக்கா, இருக்கீங்களா?"

அவள் இருந்தாள்.

இரைச்சல் மலைக்குப் பின்னால் தேய்ந்து மறைந்தது.

வெகுநேரம் கழித்து மெல்லக் காற்று கிளம்பியது. "வடக்கு!" என்றது பை. வடக்கு வரிசை குப்பென்று எரிந்தது, தொடர்ந்து தெற்கும். கழுவிவிட்டதுபோல் ஓடுபாதை தெளிந்தாள். இறங்கத்தான் யாருமில்லை. ஆம்புலன்ஸ் விளக்கை அணைத்துவிட்டு, வந்த வழியே திரும்பியது.

எழுந்து போகும்போது பனி ஓடுபாதையைக் கேட்டது: "எந்த வரிசை எரிஞ்சிருந்தாலும் போயிருப்பேனே. உனக்குத் தெரியும்தானே, ஏன் சொல்லலை?"