ரிப்பேராகி விலை ஏறிய டிவி

தூத்துக்குடியில் ஒரு காம்பவுண்டு வீட்டுக்குச் சொந்தக்காரர் சிதம்பரவேல் அண்ணாச்சி. அவருடைய பழைய பெட்டி டிவியை எந்த டிவி கடையிலும் வாங்கவில்லை. அதைக் குடித்தனக்காரர் யார் தலையிலாவது கட்டிவிட நினைத்தார். தினமும் மீன்கூடை சுமக்கிற பிலோமினாவின் தலைதான் அவர் கண்ணில் பட்டது.

எல்லாக் குடித்தனக்காரர்களும் பார்த்திருக்க, டிவியை முற்றத்தில் வைத்து பிலோமினாவைக் கூப்பிட்டார்.

"முப்பதாயிரம் கொடுத்து இதை எடுத்துக்கோ. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

"புதுசே இதுல பாதி விலைதானே அண்ணாச்சி?"

"புதுசுல என்ன இருக்கு? இதுல ஸ்பீக்கர் மாத்தினேன், போர்டு மாத்தினேன். ஒவ்வொரு ரிப்பேருக்கும் விலை ஏறும்லா?"

பிலோமினா அடைமழைக் காலத்தில் பிள்ளைகளோடு எங்கே போவாள்? சட்டென்று டிவியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ஏ, என்ன பண்ணுதே?" என்று அலறினார் அண்ணாச்சி.

"கீழே போடப் போறேன். இன்னும் நாலு ரிப்பேர் சேர்ந்தா லட்ச ரூபாய்க்குப் போகும். உங்க லாபத்தை நான் கெடுக்கலாமா?"

"ஐயையோ, போட்டுராதே! உடையாம இருந்தாத்தான் பழைய இரும்புக்காரன் முந்நூறு ரூவா தருவான்!"

முற்றமே சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார்.

பிலோமினா டிவியைத் தலையில் வாகாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்கே இறக்கட்டும் அண்ணாச்சி? உங்க வீட்டுலயா, இரும்புக் கடையிலயா?"

அண்ணாச்சி இரும்புக் கடைப் பக்கம் கையைக் காட்டினார். வீட்டைக் காலி பண்ணுகிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.