மைனாவின் கடைசி இழுப்பு

குளத்தங்கரை நாவல் மரத்தில் ஒரு மைனா இருந்தது. ஒரு காலத்தில் அதுதான் அந்தக் காட்டுக்கே ராணி! புலி வந்தால் ஒரு கூவல், பாம்பு வந்தால் ஒரு கூவல் என்று எச்சரிக்கைக் குரல்களை உண்டாக்கியதே அதுதான். அது கூவினால் காடே கப்சிப்!

ஆனால் சரியான கறார். "என் குரலை யார் கூவணும்னாலும் என்னைக் கேட்கணும், பழம் கொண்டுவரணும். துளிகூட மாத்தக் கூடாது!"

கேட்டுக் கேட்டுப் பறவைகள் அலுத்துப்போயின. அப்போது ஒரு கரிச்சான் குருவி வந்தது. அதனிடம் இருந்தது நாலே நாலு குரல். "யார் வேணும்னாலும் கூவுங்க! வேணும்னா புதுசா சேர்த்துக்குங்க!" என்றது. கிளி ஒன்று சேர்த்தது, அணில் ஒன்று சேர்த்தது. காடு முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

மைனாவுக்குத் தாங்கவில்லை. "என் குரலும் இனிமே சும்மாதான்! பழமே வேண்டாம்!" என்று கிளை கிளையாகப் போய்ச் சொன்னது.

"இப்பவா அக்கா? நாங்க இதுக்குப் பழகிட்டோமே!" என்றது அணில்.

பாவம் மைனா! தினமும் வெயில் தாழ்ந்ததும் தன் குரல்களைத் தனக்குத்தானே கூவிப் பார்க்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் இழுப்பு. அது ஏறினால் ஆபத்து மேட்டுப் பக்கம், இறங்கினால் குளத்துப் பக்கம். அந்த நாளில் காடே அதைக் கேட்டு ஓடும். இப்போது பதில் கூவக்கூட ஆளில்லை.

ஒரு சாயங்காலம் அதன் பழைய தோழி புள்ளிமான், குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்தது. கரையோரக் கோரை அசைந்தது. ஐயோ, புலி!

மைனா தன் பழைய குரலில் கூவியது.

"பயப்படாதே கண்ணு, மைனா பெரியம்மா பழசை நினைச்சுப் பாடுது" என்று குட்டியிடம் சொல்லிவிட்டு மான் மறுபடி குனிந்தது.

மைனா கீழ்க்கிளைக்குத் தாவியது. வீறாப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. புலி வந்தால் கரிச்சான் கூட்டம் கூவும் குரலைத் தொண்டை கிழியக் கூவியது. பழக்கம் விடுமா? கடைசியில் தன் இழுப்பும் இறங்கி வந்து ஒட்டிக்கொண்டது.

மானுக்குச் சட்டென்று பழைய நினைவு வந்தது. குளத்துப் பக்கம்! குட்டியோடு மேட்டுக்குப் பாய்ந்தது. புலி வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிற்று.

கரிச்சான் பறந்து வந்தது. "அக்கா, எந்தப் பக்கம்னு சொல்ல எங்களுக்குத் தெரியவே இல்லையே! அந்த இழுப்பை எங்க குரல்ல சேர்த்துக்கலாமா?"

"என்னைக் கேட்கவே வேண்டாம், எடுத்துக்கோப்பா!" என்றது மைனா.

மறுநாள் அணில் அதைக் கோணல்மாணலாக இழுத்துப் பார்த்தது. மைனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தெரிந்ததைப் பூட்டி வைத்தால் அது நம்மோடு போய்விடும், நாலு பேரோடு கலந்துவிட்டாலோ அவர்கள் வாயில் வாழும்.