ஏழு மடிக்காரியும் ஒட்டாதவனும்

தோசைக்கல்லில் தோசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருப்பவையெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு விடியற்காலை, ஏழு மடிகளில் ஆறு நிறைந்து ஒன்று காலியாக, ரத்த ஆற்றில் வந்துகொண்டிருந்தாள் வெள்ளச்சி.

அவள் ஒரு புரதம். அந்த ஆறு ஓடியது செல்லக்கனியின் உடம்பில். செல்லக்கனி மேலேரிக் கரையில் குடியிருந்தவள், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. அவளுடைய ஈரல் பெற்றெடுத்த எண்ணற்ற பெண்களில் வெள்ளச்சியும் ஒருத்தி. எல்லோருக்கும் ஒரே தொழில், சுமப்பது. கொழுப்புச் சனங்களுக்குத் தண்ணீரில் நீந்த வராது. அவர்களை மடியில் கட்டிக்கொண்டு போய், பசித்த சதைகளின் வாசலில் இறக்கிவிட வேண்டும்.

மடிக்காரிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏற வருகிறவனின் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள், அமிலமாகப் புளிக்க வேண்டும். வாலைத் தடவிப் பார்ப்பார்கள். நீளமாக இருக்க வேண்டும், தண்ணீரைக் கண்டால் கூசி ஒதுங்க வேண்டும். இரண்டும் சரியென்றால் ஏற்றிக்கொள்வார்கள். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. அங்கே இதயம் பசியோடு அடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே நின்று விசாரணை நடத்துவது அவர்களுக்கு அசிங்கம்.

அன்றைக்குக் குடல் துறையில் புதிதாக ஒருவன் நின்றிருந்தான். ஏரிக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை. சமையல் பாத்திரத்தில் எதுவும் ஒட்டாமல் இருக்க அங்கே பூச்சு தயாரித்தார்கள். கழுவிய தண்ணீரை ஏரியில் விட்டார்கள். செல்லக்கனி குடித்தது ஏரித் தண்ணீர். அவன் வந்த வழி அவ்வளவுதான்.

“அக்கா, மடியில எடம் இருக்கா?”

“தலையைக் காட்டு.”

புளித்தது. வாலைத் தடவினாள். நீளம் சரி. ஆனால் வால் முழுக்கக் கவசம் போல ஏதோ இருந்தது, கை நிற்கவில்லை.

“என்னடா இது, விலாங்கு மாதிரி வழுக்குது?”

“புதுச் சட்டைக்கா. தண்ணியும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது.”

“பெரிய மாப்பிள்ளைதான். ஏறு, ஏறு, நேரமாச்சு.”

ஏழாவது மடியில் உட்கார்ந்தான். எந்தக் கொழுப்பும் அவளிடம் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில்லை.

சதையின் வாசலில் ஆறு பேர் இறங்கினார்கள். ஒட்டாதவனையும் இறக்கினாள். சதை அவனைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. “எரிக்கவும் முடியல, தின்னவும் முடியல. நீயே கொண்டு போ.”

தாயிடம் கொண்டு போனாள். ஈரல் வெட்டிப் போடாத நஞ்சு அதுவரை அந்த உடம்புக்குள் வந்ததில்லை. கத்தியை வைத்து அழுத்தினாள், அறுத்தாள், வியர்த்துப் போனாள்.

“கரியையும் புளோரினையும் இப்படி முடிச்சுப் போட்டவன் எவன்டி? என் கத்தியே மழுங்கிப் போச்சு. இவனை எதுக்குத் தூக்கிட்டு வந்த?”

“தலை புளிச்சதும்மா.”

“புளிச்சா? யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

“நீ கேக்கச் சொல்லி வளக்கலையே.”

ஈரல் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

அடுத்தது சிறுநீரகம். அங்கே சல்லடைக்காரன் தூரத்திலேயே கையை நீட்டித் தடுத்தான். “உன் பருமனுக்கு இதுல நுழைய முடியாது தாயி. அவனை மட்டும் எறக்கு.”

பிய்த்து இறக்கினாள். சல்லடையில் வழுக்கிக்கொண்டு போனான். தொலைந்தான் என்று திரும்பினாள். ஆனால் சல்லடைக்குக் கீழே பொறுக்குகிறவர்கள் இருந்தார்கள், எதையும் வீணாக்காதவர்கள். ஒருத்தன் தலையைத் தொட்டான். “புளிக்குதுப்பா! நல்ல சரக்கைப் போய்க் கொட்டுறாங்களே,” என்று தூக்கி ஆற்றிலேயே போட்டான்.

“என்னைத் தேடினியா அக்கா?” என்று வந்து அதே மடியில் உட்கார்ந்தான் ஒட்டாதவன்.

“ஏன்டா எங்க உயிரை வாங்குற?”

“எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. எதுலயும் ஒட்டக் கூடாதுன்னுதான் என்னைச் செஞ்சாங்க. ஒட்ட ஒரு எடம் நீங்க வெச்சிருக்கீங்க. நான் என்ன பண்ணட்டும்?”

அதன் பிறகு வெள்ளச்சிக்கு ஒரே பயம்தான். ஆற்றின் ஒரு வளைவில் நஞ்சுக்கொடி வாசல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் செல்லக்கனியின் குழந்தை. அதன் மூளைக்கு வேண்டிய கொழுப்பை அங்கேதான் கைமாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற ஆறு மடிகளை அவிழ்த்தாள். ஏழாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“விடேன், நானும் பாப்பாவைப் பாக்குறேன்,” என்பான்.

“வாயை மூடு.”

பிடி தளரவில்லை. ஆனால் மடிக்காரிகளின் ஆயுள் சில வாரங்கள்தான். அவனுக்கு ஆயுளே இல்லை, செத்தால்தானே ஆயுள். உடம்பு நூல் நூலாக அவிழத் தொடங்கியதும் வெள்ளச்சி பக்கத்தில் போன தங்கையைக் கூப்பிட்டாள்.

“அடியே, இவன் வந்தா ஏத்தாத. தலை புளிக்கும். நம்பிடாத.”

“புளிக்குதா? அப்போ நம்ம ஆளுதானேக்கா,” என்றாள் தங்கை. நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை. மடியை விரித்தாள்.

கரைந்துபோகும் முன் வெள்ளச்சி கடைசியாகப் பார்த்தது இதுதான். தங்கை நஞ்சுக்கொடி வாசலில் எல்லா மடிகளையும் அவிழ்த்துவிட்டாள். ஒட்டாதவன் அந்தப் பக்கம் வழுக்கிப் போனான். அங்கே குழந்தையின் ஈரல் புதிதாகப் பெற்ற சின்ன மடிக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். யாரும் சொல்லித் தராமலே அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“வாங்க,” என்றாள்.

எதிலும் ஒட்டாதபடி செய்த பொருள் மனித ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதும், பிள்ளை பிறக்கும் முன்பே அதற்குப் போய்ச் சேர்வதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

தொழிற்சாலையை 2011 ஜூனில் மூடினார்கள். 2016 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, மேலேரி தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்தார்கள். செல்லக்கனியின் மகள் மணிமொழியின் ரத்தத்தில் அவன் இருந்தான்.