ஆவுடைக்கு ஒரு பக்கப்பெட்டி

"வண்டி இடது பக்கமா இழுக்குதும்மா."

ரெஜினா தலையைத் தூக்கவில்லை. ஒரு ரிம்மைச் சுழற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம் இழுக்கு?"

"மிதிக்கும்போதெல்லாம்."

"இழுத்தா இழுத்துட்டுப் போவட்டும். விட்டுருங்க."

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி அது.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. குரு பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவள். ஐஸ் பெட்டி வைத்த சைக்கிள், சாணை பிடிக்கிற சைக்கிள், கால் வராதவர்கள் கையால் சுற்றி ஓட்டுகிற சைக்கிள் என்று கேட்டவருக்குக் கேட்டபடி பற்றவைத்துத் தருவாள். சீடர் பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருஷம் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரு பென்சிலைச் சீவுவதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

அவர் மனைவி ஆவுடைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் அவள் வாசலைத் தாண்டவில்லை. வெளியே கூப்பிட்டால் "வேண்டாம்" என்பாள். முன்பெல்லாம் தெருவில் யார் வீட்டுப் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். இப்போது தெருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மற்றதெல்லாம் போகட்டும், அவள் கேட்காமல் இருப்பதுதான் குற்றாலிங்கத்துக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலண்டர் படத்தில் அவர் அந்த வண்டியைப் பார்த்தார். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு தனிச் சக்கரம். உள்ளே ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ரெஜினாவிடம் போனார்.

"இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு தருவியாம்மா?"

"தரமாட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல நிக்கேன்."

அப்படித்தான் அவர் சீடரானார்.

அறுபத்தொரு வயதில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெல்டிங் பழகினார். பொறி விழுந்து இரண்டு வேட்டிகள் பொத்தலாயின. மூன்றாவது வேட்டி போவதற்குள் குரு தன் அண்ணனின் பழைய பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடுப்பு தாராளம். சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலை செய்தார்.

இவ்வளவும் செய்த பிறகு, இழுத்தால் இழுக்கட்டுமாம்.

"விட்டா வண்டி வாய்க்கால்லல்லா போயி விழும்?"

இப்போதுதான் ரெஜினா ரிம்மை நிறுத்தினாள்.

"எத்தன வருசமா சைக்கிள் ஓட்டுதீய சார்?"

"அம்பது இருக்கும்."

"அம்பது வருசமா சாஞ்சு சாஞ்சு பழகிட்டு. இந்த வண்டி சாயாது. மூணு சக்கரம். நீங்க சாயுதீய, அது கேக்க மாட்டேங்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் சண்ட."

"அப்பம் நான் என்ன செய்யணும்?"

"சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பது லேசில் வரவில்லை. நாலு நாள் மைதானத்தில் சுற்றினார். உடம்பு தன்னால் சாய்ந்தது. வண்டி தன்னால் முறைத்தது. ஐந்தாம் நாள் காலை எதையோ நினைத்துக்கொண்டு மிதித்தவர், நூல் பிடித்தாற்போல நேராகப் போய்க்கொண்டிருப்பதை மைதானத்தின் மறுகோடியில்தான் கவனித்தார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அடுத்தது சோதனை. ஆவுடையின் எடை ஐம்பத்து நாலு கிலோ. படம் வரைந்த கை சும்மா இருக்குமா? ஐம்பத்து நாலு கிலோ அரிசியைச் சாக்கில் கட்டினார். பெட்டியில் உட்காரவைத்தார். ஒரு துண்டால் இடுப்புக் கட்டும் போட்டார். பாலம் ஏறி, சரிவில் இறங்கி, மார்க்கெட்டைச் சுற்றி வந்தார். மூட்டை ஓர் இஞ்சு நகரவில்லை.

மறுநாள் பெட்டிக்குள் மெத்தை தைத்துப் போட்டு, குடை மாட்ட ஒரு குழாயும் வைத்து, வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆவுடை கம்பை ஊன்றி வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

"ஏறு."

"வேண்டாம்."

மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதேதான்.

"பயமா இருக்கா?"

"இல்ல."

"நாலு பேரு பாப்பாவன்னு வெக்கமா?"

"நாலு பேருக்கு என்ன, பாத்துட்டுப் போறாவ."

"பெறகு என்னதான் ஒனக்கு?"

"வேண்டாம்னா விடுங்களேன்."

குற்றாலிங்கம் அடுக்களைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் நின்று அழுதார்.

நாலாம் நாள் வண்டியோடு குருவிடம் போய் நின்றார்.

"ஏற மாட்டேங்காம்மா."

"வண்டியில என்ன குற?"

"ஒரு குறையும் இல்ல. அம்பத்து நாலு கிலோ அரிசிய வச்சுப் பாலம் ஏறி எறங்கியாச்சு."

"மூட்ட என்ன சொல்லிச்சு?"

"மூட்ட என்னம்மா சொல்லும்?"

"அதான் கேக்கேன்."

 வேலை சொல்லித்தருகிற பெண் சில நேரம் விடுகதை போடுவாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அழுத முகத்தோடு வந்தவனிடமா?

ரெஜினா கையைத் துணியில் துடைத்தாள். வண்டியின் சீட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏறுங்க."

"நானா?"

"பெட்டியில."

தன் கையால் செய்த பெட்டியில் அவர் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தார். தரை இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ரெஜினா மிதித்தாள். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. தெரு முனை தாண்டியது. பஸ் ஒன்று உரசினாற்போலப் போனது. அதன் சக்கரம் அவர் தோள் உயரத்துக்கு இருந்தது. பாலத்தின் சரிவில் வண்டி வேகமெடுத்தது.

"மெதுவாம்மா!"

காற்றில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அவர் வலது கால் பெட்டியின் அடிப்பலகையை மிதித்தது. பலகையில் ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தது. வலது கை பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

சரிவு முடிந்த இடத்தில் டீக்கடை. அங்கே ஆபீஸில் கூட இருந்த மாசிலாமணி நின்றிருந்தார். பார்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அவரும் இவரைப் பார்த்துவிட்டுக் கிளாஸோடு கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா! நம்ம ஆளு ஒருத்தர்..."

டீக்கடை பின்னால் போய்விட்டது. மாசிலாமணியின் கை தூக்கியபடியே சின்னதாகிக்கொண்டு போனது.

"எதுக்கு நிறுத்தச் சொன்னீய?" என்றாள் ரெஜினா, அடுத்த தெருவில்.

"இனிமே எதுக்கு?" என்றார் அவர். நல்ல கோபத்தில் இருந்தார்.

கடை வாசலில் வண்டி நின்றது. ரெஜினா இறங்கினாள். அவர் இறங்கவில்லை. வலது கை இன்னும் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தது. விரல்மூட்டுகள் வெளுத்திருந்தன.

ரெஜினா உள்ளே போய் ஒரு சாக்கட்டியை எடுத்து வந்தாள். அவர் விரல்கள் பிடித்திருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டாள்.

பிறகு டீ குடிக்கப் போய்விட்டாள்.

குற்றாலிங்கம் கையை எடுத்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவே வெறும் கம்பி இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக ஆவுடையைத் தூக்கி உட்காரவைத்தது அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனது அவர்தான். "போதும், போவோம்" என்று சக்கர நாற்காலியைத் திருப்பியதும் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ரெஜினா திரும்பி வந்தபோது அவர் கடைக்குள் பழைய சாமான் டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுதீய?"

"பிரேக் பிடி ஒண்ணு வேணும்மா. வலது கைக்கு. அவளுக்குச் சின்னக் கை."

"கீழ்த் தட்டுல, மஞ்ச டப்பா," என்றாள் குரு.

சாயங்காலம் வண்டி வீட்டு வாசலில் நின்றது. குற்றாலிங்கம் ஆவுடையை ஏறச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

ஆவுடை கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தாள். பெட்டிக் கம்பியில் மாட்டியிருந்த பிடியைப் பார்த்தாள்.

"இது என்னது? புதுசா?"

"பிரேக்கு."

"யாருக்கு?"

"ஒனக்கு."

அவள் வாசல்படியில் மெதுவாக உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். எட்டியது.

"நான் பிடிச்சா நிக்குமா?"

"நிக்கும்."

"நீங்க மிதிச்சிட்டே இருந்தாலும்?"

"இருந்தாலும்."

அவள் பிடித்தாள். விட்டாள். இன்னொரு தரம் பிடித்து, வண்டியைத் தள்ளிப் பார்க்கும்படி அவருக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் தள்ளினார். பெட்டிச் சக்கரம் அசையவில்லை.

"உள்ள அந்த நீலச் சேல இருக்கும்," என்றாள் ஆவுடை. "எடுத்துட்டு வாங்க."

முதல் பயணம் நாலு வீடுதான் போனது. படக்கென்று பெட்டிச் சக்கரம் பிடித்துக்கொள்ள, வண்டி தானாக ஓரத்துக்கு ஒதுங்கி நின்றது. குற்றாலிங்கம் காலை ஊன்றினார். திரும்பிப் போவோம் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தார்.

ஆவுடை எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கேட்டு எப்பம் போட்டாவ?"

"போன வருசம்."

"பச்சப் பெயின்டா அடிக்கது? கண்ணு கூசுது." இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிடியை விட்டாள். "ம், மிதிங்க."

இருபது நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் ரெஜினா கடை வாசலில் அந்த வண்டி ஓரம் கட்டி நின்றது.

"இங்க எதுக்கு?" என்றார் குற்றாலிங்கம்.

ஆவுடை கடைக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நீதான ரெஜினா? பிரேக் கட்ட தேஞ்சுட்டு தாயி. பிடிச்சா ரெண்டு வீடு தாண்டிப் போயில்லா நிக்கு. மாத்திக் குடு."

ரெஜினா வந்து பெட்டிச் சக்கரத்தின் பக்கம் குத்தவைத்தாள். ரப்பர் போய் இரும்பு தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, மறுபக்கம் போய், சைக்கிளின் முன் சக்கரத்தைப் பார்த்தாள். பின் சக்கரத்தையும் பார்த்தாள். அங்கே ரப்பர், கடையில் வாங்கிய அன்று இருந்த பளபளப்பு மாறாமல் இருந்தது.

"மூணு சக்கரத்துக்கும் அன்னைக்கு ஒண்ணாத்தான சார் புதுசு போட்டோம்?"

"ஆமாம்மா."

"அப்பம் ஒங்க பிரேக்கு?"

குற்றாலிங்கம் ஹேண்டில் பாரைப் பார்த்தார். அதில் அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் போலப் பார்த்தார்.

"அத நான் இன்னும் பிடிக்கவே இல்லம்மா."