விழாத மணப்பெண்

பூங்கோதைக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவள் அப்பா தணிகாசலம், கோயிலில் பெரிய மனிதர்களுக்கு முதல் மரியாதை கொடுப்பதைப் பொறுக்காமல், பாதி ஊரைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சமநெறிச் சபை கண்டவர். சிலை கிடையாது, பூசாரி கிடையாது. ஒருவர் காலில் ஒருவர் விழுந்தால், விழுந்தவரும் வெளியே, விழவிட்டவரும் வெளியே. இது அவர் போட்ட சட்டம்.

நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஜனங்களுக்குப் பழக்கம் விடுமா? அவரை 'ஐயா' என்றார்கள். ஐயாவைக் கண்டதும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. ஐயா கை நனைக்காமல் பந்தி தொடங்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ருசி கண்டுவிட்டார், மனுஷர்.

போன வருஷம் பூங்கோதையின் தோழி மரகதம், சாகக் கிடந்த மாமியாரின் காலில் விழுந்து அழுதாள். அவளைத் தள்ளிவைத்தார்கள். அந்த மாமியாரின் சாவுக்குக்கூடச் சபையிலிருந்து யாரையும் ஐயா போகவிடவில்லை.

இப்போது பூங்கோதைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கதிரேசன், அவளே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவன். மாலை மாற்றும் நேரம், யாரோ ஓர் அத்தை, "பெத்தவர்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கோங்க" என்றாள். ஐயா சட்டென்று கிழக்கே திரும்பி, கால்களைச் சேர்த்து வைத்து நின்றார். கதிரேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஐயா அட்சதை போட்டார்.

பூங்கோதை நின்றாள்.

"விழும்மா" என்றார் ஐயா.

"சட்டம் என்னப்பா?"

"அது சபைக்கு. இது குடும்பம்."

"மரகதத்துக்கு மட்டும் குடும்பம் இல்லையா?"

அவ்வளவுதான், மண்டபமே கொதித்தது. "ஐயாவையே எதிர்த்துப் பேசுறியா? பெத்தவனை மதிக்காத உனக்குச் சபை எதுக்கு? வெளியே போ!" கதிரேசனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கையிலிருந்த மாலையை மேடையில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

சொல்லுங்கள்: ஐயா, கதிரேசன், பூங்கோதை, இந்த மூவரில் சபையை விட்டு வெளியேறியிருக்க வேண்டியவர் யார்?

விடை: விழுந்தவனும் விழவிட்டவரும் என்று அவசரப்படாதீர்கள். யாரும் வெளியேற வேண்டியதில்லை. வெளியேற அங்கே சபை ஏது? சட்டத்தைக் காத்த ஒரே ஆளையும் துரத்திவிட்ட பிறகு அது வெறும் கூட்டம். ஐயா முதலில் கை நனைக்கட்டும் என்று, வெட்கமே இல்லாமல், அத்தனை பேரும் இலை முன்னால் காத்திருந்தார்கள்.