கொக்கின் ஆய்வும் முதலையின் முதுகும்

அல்லிக்குளத்தின் நடுவே ஒரு தீவு. காட்டின் ஒரே பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்தது. வாத்துக் குஞ்சுகளும் தவளைக் குஞ்சுகளும் நீந்திப் போய்ப் படித்தன. முயல், அணில், முள்ளெலி வீட்டுப் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து, காற்றில் மிதந்து வரும் வாய்ப்பாட்டைக் கேட்டன. காற்று திசை மாறினால் அதுவும் இல்லை.

"இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன? ஆராய வேண்டும்!" என்றது தலைவர் கரடி.

கரையில் நின்று பார்த்தாலே காரணம் தெரியும். ஆனால் பார்த்தவுடன் தெரிவதை யாரும் ஆய்வு என்று ஒப்புக்கொள்வதில்லை.

ஆய்வுக்கு நிதி தர முதலை முன்வந்தது. "பிள்ளைகள் படிக்க வேண்டும். என்னால் ஆனது!" என்று கண் கலங்கியது. ஆய்வாளர் முனைவர் கொக்கு. அதற்குத் தினமும் ஒரு கூடை அயிரை மீன் போய்ச் சேர்ந்தது.

கொக்கு தீவுக்குப் பறந்தது. வகுப்பில் இருந்தவர்களைக் கேட்டது: "பள்ளிக்கு வருவதில் சிரமம் உண்டா?"

"இல்லை!" என்று கத்தின வாத்துக் குஞ்சுகள்.

"இல்லவே இல்லை!" என்றன தவளைக் குஞ்சுகள்.

கரைப் பக்கம் கொக்கு போகவில்லை. பள்ளிக்கே வராதவர்களிடம் பள்ளியைப் பற்றி என்ன கேட்பது?

அறிக்கை வந்தது. பள்ளியில் குறை ஏதுமில்லை. கரையில் வாழும் பெற்றோருக்குத்தான் ஆர்வம் போதவில்லை. அதைத் தூண்ட, பிள்ளைகளை முதலையின் முதுகில் இலவசமாக ஏற்றிச் செல்லலாம். முழுப் பாதுகாப்பு!

தன் குட்டியைத் தினமும் முதுகில் சுமந்து நீந்தும் கரடிக்கு இதில் தவறேதும் தெரியவில்லை. "நாளைக்கு ஏறாத பிள்ளைக்குப் பள்ளியில் இனி இடமில்லை!" என்று அறிவித்தது.

மறுநாள் காலை கரையில் கூட்டம். முயல் பூவாயியின் கையைப் பிடித்து இழுத்தாள், துள்ளி என்ற அவள் மகள்.

"அம்மா, ஏழாம் வாய்ப்பாடு பாதிதான் காதுல விழுந்துச்சு. மீதி தெரியணும். ஏறட்டுமா?"

ஏறினால் மகள் போய்விடுவாள். ஏறாவிட்டால் மகளின் படிப்பு போய்விடும்.

"வா கண்ணு!" என்றது முதலை. "கொழுகொழுன்னு இருக்கியே. நல்லா படிப்பு வரும்!"

பூவாயி மகளைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"தலைவரே, நாங்க ஏறுறோம். முதல்ல ஆய்வு செஞ்ச அய்யா ஒருதரம் ஏறிக் காட்டட்டும்!"

"எனக்கு எதற்கு அம்மா? நான் பறப்பேனே!" என்றது கொக்கு.

"தெரியும் அய்யா. அதனால ரெக்கையைக் கொடியால கட்டிக்கிட்டு ஏறுங்க. எங்க பிள்ளைங்களுக்கு ரெக்கை இல்லையே!"

"முழுப் பாதுகாப்புன்னு நீங்கதானே எழுதினீங்க அண்ணே!" என்று கிளையிலிருந்து அணில் கத்தியது.

முதலை வாயை அகலத் திறந்தது. "வாங்க முனைவரே! நம்ம ஆய்வுதானே!"

கொக்கு அந்த வாயை எட்டிப் பார்த்தது. பற்கள் வரை பார்த்தது.

"மேலும் ஆய்வு தேவைப்படுகிறது!" என்று சொல்லிவிட்டுப் பறந்தே போனது.

கரடி நெடுநேரம் தலையைச் சொறிந்தது. பிறகு புதிய ஆய்வுக்கு உத்தரவிட்டது. இந்தமுறை செலவு காட்டின் பொதுக் களஞ்சியத்திலிருந்து. ஆய்வாளர் ஆமை, கேள்வி கரையிலிருந்து தொடங்கும்.

"பள்ளிக்கு ஏன் வரவில்லை?" என்று ஆமை கேட்டது.

"தண்ணி!" என்று கரையே கத்தியது.

ஆமை குளத்துக்குள் இறங்கி வாத்துகளைக் கேட்டது: "உங்களுக்கு நடக்கத் தெரியுமா?"

"ஓ, நல்லாத் தெரியும்!"

"குதிக்கவே தெரியும்!" என்றன தவளைகள்.

ஆய்வு முடிந்தது. பள்ளிக்கூடம் கரையில் இருந்த நாவல் மரத்தடிக்கு வந்தது. துள்ளி முதல் வரிசையில் உட்கார்ந்து, ஏழாம் வாய்ப்பாட்டின் மறுபாதியைக் கேட்டாள்.

கல்விக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக முதலை அன்றே அறிவித்தது.

பசித்தவன் செலவில் நடக்கும் ஆய்வு அவன் வயிற்றுக்கே வழி காட்டும். பொதுச் செலவில், பள்ளிக்கு வர முடியாத பிள்ளையிடம் தொடங்கும் ஆய்வே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும்.