திருஞானத்தின் கோட்டு

கோத்தகிரிக் குளிரில் யார் வீட்டில் எந்தப் பாய்லர் என்பதை முடிவு செய்வது கடைக்காரர் திருஞானம்தான். அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

பள்ளிக்கூட ஆயா சவரியம்மா, தன் விறகு பாய்லர் ஓட்டை விழுந்ததும் அவரைத்தான் கூப்பிட்டாள். மகள் பச்சைக் குழந்தையோடு வந்திருந்தாள். வெந்நீர் இல்லாமல் ஒரு பொழுதும் ஓடாது.

வந்தவர் பாய்லரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மொட்டைமாடிக்கு ஏறி, "இந்த இடத்துல சோலார் மாட்டிடலாம்" என்றார். அவர் கடையில் விற்காமல் கிடந்தது அதுதான்.

ஐப்பசி மூடுபனியில் எதிர்வீடே தெரியவில்லை.

"வெயிலே இல்லையே சார்?"

"உனக்கென்ன தெரியும்? மேகம் மூடினாலும் வெயில் வந்துக்கிட்டேதான் இருக்கும். உன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"சரிங்க சார். உங்க கோட்டு சாரல்ல நனைஞ்சிருக்கே, கழட்டிக் குடுங்க." வாங்கியவள், அவர் காட்டிய அதே இடத்தில் கொடியில் போட்டாள். "அந்த வெயில்லயே காயட்டும்."

சொன்ன வாயால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? கீழே வந்து டீ குடித்தார். பல் தந்தியடித்தது. மாடிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார். கோட்டிலிருந்து இப்போது தண்ணீரே சொட்டியது.

"அம்மா, அதை எடுத்து அடுப்புகிட்ட போட்டுடேன்" என்றார் கடைசியில்.

சவரியம்மா கோட்டை அடுப்பருகே விரித்துப் போட்டாள்.

"எனக்கும் அடுப்பெரிக்கிற பாய்லரே குடுத்துடுங்க சார். பேரனுக்கும் உங்களை மாதிரிதான் குளிரும்."